புறஊதா ஒளியில் ஒளிரும் படலம்: காபன் புள்ளிகளைப் பல்பகுதியத்தில் பதிக்கும் முறை

2023ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசு மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எக்கிமோவ் மூவருக்கும் குவாண்டம் புள்ளிகளுக்காகக் கிடைத்தது. இவை சில நனோமீற்றர் அளவேயுள்ள குறைகடத்தித் துணிக்கைகள். பொருள் ஒன்றாகவே இருக்க, அளவு மாறினால் நிறம் மாறும். கட்மியம் செலனைடு 2 நனோமீற்றரில் நீலமாகவும் 6 நனோமீற்றரில் சிவப்பாகவும் ஒளிரும்.

கட்மியம் நஞ்சு. பாடசாலை ஆய்வுகூடத்துக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. குவாண்டம் புள்ளிகளின் உறவுக்காரரான காபன் புள்ளிகளே, அதாவது நனோமீற்றர் அளவேயுள்ள ஒளிரும் காபன் துணிக்கைகளே, நமக்குப் போதும். இவை 2004இல், காபன் நனோக்குழாய்களைத் தூய்மையாக்கும்போது தற்செயலாகக் கண்டறியப்பட்டவை.

முதலில் புள்ளிகளைச் செய்வோம். சித்திரிக் அமிலம் 3 கிராம், யூரியா 3 கிராம், காய்ச்சி வடித்த நீர் 10 மில்லிலீற்றர். யூரியாவுக்கு யாழ்ப்பாணத்தில் அலைய வேண்டியதில்லை, வெங்காயத் தோட்டம் செய்பவர் வீட்டில் ஒரு பிடி கிடைக்கும். நீர் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நமது கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. அந்த நீரைப் பாவித்தால் படலம் காய்ந்ததும் வெள்ளை உப்புப் படியும். பற்றரிக்கு விடும் வடித்த நீரை வாங்குங்கள்.

மூன்றையும் வெப்பம் தாங்கும் பெரிய கண்ணாடி முகவையில் கரைத்து, மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிடம் சூடாக்கி நிறுத்தி, மறுபடி சூடாக்குங்கள். நீர் வற்றி, நுரைத்து, கபில நிறமாகும். மொத்தம் நான்கைந்து நிமிடங்கள் ஆகலாம். கருகும்வரை விடாதீர்கள். அமோனியா மூக்கைத் துளைக்கும் என்பதால் இதைத் திறந்த விறாந்தையில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆசிரியர் ஒருவர் அருகிலிருக்கச் செய்யுங்கள். அந்த அடுப்பில் பிறகு சாப்பாடு சூடாக்கக் கூடாது. நன்றாக ஆறியபின் 50 மில்லிலீற்றர் வடித்த நீர் விட்டுக் கரைத்து, வடிதாளில் வடியுங்கள்.

கரைசலை மிக ஐதாக்கி, இருட்டறையில் கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா டோர்ச்சை அடித்தால் நீலம் அல்லது நீலப்பச்சை தெரியும். இந்த ஒளியில் ஒரு பங்கு, சூடாக்கும்போது கூடவே உருவாகும் சிறு சேதன மூலக்கூறுகளிலிருந்தும் வருகிறது. டோர்ச்சை நேரே கண்ணுக்குள் அடிக்காதீர்கள்.

இனி இந்தச் செய்முறையின் உயிர்நாடி. அடர்த்தியான கரைசலில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காயவிடுங்கள். திரவத்தில் மின்னியது இப்போது மங்கிப்போயிருக்கும். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், உறிஞ்சிய சக்தி ஒளியாக வெளிவராமல் அயல் துணிக்கைக்குத் தாவி வெப்பமாகிவிடும். அவற்றை விலக்கி நிறுத்த ஒரு பொருள் வேண்டும். பல்பகுதியத்தின், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய் இணைந்த பொருளின், வேலை அதுதான்.

நாம் பாவிப்பது பொலிவைனைல் அற்ககோல் தூள். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை வேறு பொருள், அது சரிவராது. 10 கிராம் தூளை 90 மில்லிலீற்றர் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்குங்கள். ஒடியற் கூழுக்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு பானையில் விடுவோமே, அதே காரணம்தான்: சுடுநீரில் நேரே போட்டால் கட்டிபடும். பிறகு கொதிநீர்த் தொட்டியில் வைத்து 80 முதல் 90 பாகை செல்சியஸில் ஏறக்குறைய ஒரு மணிநேரம், தெளியும்வரை கிளறுங்கள்.

ஆறிய பொலிவைனைல் அற்ககோல் கரைசலை நான்கு தட்டையான பிளாஸ்டிக் மூடிகளில் 10 மில்லிலீற்றர் வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். மற்றவற்றில் 1, 5, 20 துளி புள்ளிக் கரைசல் விட்டு, குமிழி எழாமல் மெல்லக் கலக்குங்கள். எண்ணிக்கையை மூடியிலேயே எழுதிவிடுங்கள். காய்ந்தபின் ஒன்றையொன்று மாற்றிவிடுவது மிக எளிது.

இரண்டு நாள் நிழலில் காயட்டும். சோளகக் காலத்தில் செம்மண் தூசி வந்து படியும், மெல்லிய துணியால் மூடுங்கள். மாரியில் நாட்கள் கூடும். பொறுத்திருங்கள், வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் படலம் சுருளும்.

உரித்தெடுத்த படலங்களைக் கறுப்புத் துணியில் வைத்து டோர்ச்சை அடியுங்கள். வெள்ளைத்தாள் வேண்டாம், அதில் உள்ள வெளுப்பூட்டி தானே நீலமாக ஒளிர்ந்து உங்களை ஏமாற்றும். ஒன்றும் விடாத படலம் இருண்டிருக்க வேண்டும். அது ஒளிர்ந்தால் பாத்திரம் சுத்தமில்லை. 20 துளிப் படலம் 5 துளியை விட நான்கு மடங்கு ஒளிர்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால், கண்ணாடித் தகட்டில் மங்கிய அந்தத் துளியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.