அகதி நியூஸ் வந்தா அதை எப்படி படிக்கறது

பார்டர்ல திடீர்னு கூட்டம்னு நியூஸ் வந்தா, எத்தனை பேர்ங்கறத அப்புறம் பாருங்க, மொதல்ல தேதிய குறிச்சு வச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி ஒரு மாசம் அந்த ரெண்டு நாட்டுக்கும் என்ன சண்டைனு தேடுங்க. ஏன்னா சில சமயம் ஒரு நாடு இன்னொரு நாட்ட மடக்க, வேணும்னே காவல தளர்த்தி கூட்டத்த விட்டுடும்.

உதாரணத்துக்கு சியூட்டா. ஆப்பிரிக்கா கரையில இருக்கற ஸ்பெயின் ஊரு. 2021 மே 17, 18ல சுமார் 8,000 பேர் தராஹால் பீச்ல வேலி முனைய சுத்தி நீந்தியும் தண்ணில நடந்தும் உள்ள போய்ட்டாங்க, அதுல நிறைய பேர் சின்னப் பசங்க, மொராக்கோ காவலுங்க கண்டுக்கவே இல்ல. கொஞ்சம் பின்னாடி போனா ஏப்ரல்ல, மொராக்கோ தன்னோடதுனு சொல்ற மேற்கு சஹாராவோட விடுதலை இயக்கமான பொலிசாரியோ தலைவர் பிராஹிம் காலிய ஸ்பெயின் தன் ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு, மொராக்கோவுக்கு செம கடுப்பு.

அடுத்து, கூட்டம் வடிஞ்சப்புறம் யார் எறங்கி வந்தாங்கனு பாருங்க, இத தான் பலபேர் விட்டுடறாங்க. 2022 மார்ச்ல ஸ்பெயின் மேற்கு சஹாராவுக்கு மொராக்கோ சொன்ன, அதாவது மொராக்கோவுக்குள்ளயே இருந்துக்கிட்டு தன்னாட்சிங்கற திட்டத்துக்கு சப்போர்ட் பண்ணிடுச்சு. பல வருஷ நிலைப்பாடு, ஒரே லெட்டர்ல மாறிடுச்சு!

காசையும் பாருங்க. 2016 மார்ச் ஒப்பந்தத்துல ஐரோப்பிய யூனியன் துருக்கிக்கு 600 கோடி யூரோ வரைக்கும் ஒத்துக்கிச்சு, சிரியா அகதிகளுக்காகனு பேரு. 2020 பிப்ரவரி கடைசில சிரியாவோட இத்லிப்ல துருக்கி சோல்ஜர்ஸ் செத்ததும் துருக்கி அதிபர் எர்டோகன் கிரீஸ் பக்கம் கதவ தொறந்துட்டாரு.

ஒண்ணு மட்டும், நீந்தி வந்த பையனுக்கு இந்த கணக்கெல்லாம் தெரியாது, அவன் வேலை தேடி வந்தவன், அவன திட்டி கமெண்ட் போடாதீங்க.