சமணர் மலையில் ஏறி இறங்க ஒரு காலைப்பொழுது

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்து, கீழக்குயில்குடி என்னும் ஊரை ஒட்டி நிற்கிறது சமணர் மலை. இதில் ஏறக் கயிறோ கூடாரமோ பல நாள் பயிற்சியோ வேண்டியதில்லை. விடியலில் ஏறத் தொடங்கினால், வழியில் உள்ளவற்றை நின்று பார்த்துவிட்டும் காலை உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். மிக உயர்ந்த மலைகளின் விளிம்பில் நிற்கும்போது கீழே உள்ள சமவெளி வெறும் பச்சைப் பரப்பாகிவிடுகிறது. இந்த மலையிலிருந்து பார்த்தாலோ அடிவாரத்துத் தாமரைக் குளம், அதன் கரையில் மாடு ஓட்டிச் செல்பவர், நாம் புறப்பட்ட ஆலமரம் எல்லாமே அடையாளம் தெரியும் அளவிலேயே இருக்கும். சிறிய மலையை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

மார்கழி, தை, மாசி மாதங்களே ஏறுவதற்கு மிக ஏற்றவை. ஒரு சித்திரை மாதத்தில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு மேல் ஏறியபோது, பாதி வழியில் பாறை காலைச் சுட்டுப் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். நிழலுக்கு ஒதுங்க ஒரு மரமும் அங்கே இல்லை. அன்றிலிருந்து, பொழுது புலரும் நேரத்தில் அடிவாரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மழை பெய்த மறுநாள் பாறை அழகாக இருக்கும் என்றாலும், பாசி படிந்த இடங்கள் வழுக்கும் என்பதால் இரண்டு நாள் வெயில் காயவிட்டுச் செல்வது நல்லது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, அடிப்பகுதி தேயாத செருப்பு அல்லது ஷூ ஆகியவை போதும்.

அய்யனார் கோயிலும் பெரிய ஆலமரமும் இருக்கும் அடிவாரத்திலேயே எல்லோரும் ஏறத் தொடங்குவார்கள். ஆனால் முதலில் மலையின் தென்மேற்குப் பக்கமாகச் சென்று செட்டிப்புடவு என்னும் இடத்தைப் பார்த்துவிட்டு வருவதே சிறந்தது என்பது என் கருத்து. அங்கே குறைவான படிகளே இருப்பதால் கால்கள் பதமாகும். புடவு என்றால் குகை. குகை வாயிலில் நீண்ட காதுகளுடன் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் (சமணர் போற்றி வணங்கும் அருகர்) பெரிய உருவத்தைச் செட்டியார் என்று ஊர் மக்கள் கருதியதால் இந்தப் பெயர் ஏற்பட்டது. குகையின் உள்ளே குனிந்து பார்த்தால், சிங்கத்தின் மேல் அமர்ந்து யானையை எதிர்த்துப் போரிடும் இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வத்தின் சிற்பம் கூரையை ஒட்டி இருப்பதைக் காணலாம்.

மீண்டும் கோயிலடிக்கு வந்து, பாறையில் வெட்டிய படிகள் வழியே, சுனை உள்ள பேச்சிப்பள்ளம் என்னும் இடத்துக்கு ஏற வேண்டும். மூச்சு வாங்கும் முன்பே நிற்பதுதான் இங்கே கடைப்பிடிக்க வேண்டிய முறை. வாயைத் திறந்து மூச்சு விடும் நிலை வந்தபின் உட்கார்ந்தால் மறுபடி எழுவது கடினமாகிவிடும். முப்பது நாற்பது படிகளுக்கு ஒருமுறை நின்று, திரும்பிக் குளத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதன் வடிவம் இன்னும் சற்று முழுமையாகத் தெரியும்.

பேச்சிப்பள்ளத்தில் அவசரப்படக் கூடாது. சுனைக்கு மேலே உள்ள பாறையில் படமெடுத்த நாகத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, மகாவீரர் ஆகிய சமணப் பெரியோரின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்கவாட்டில் நின்று, சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்துகளின் வளைவுகள் தெளிவாகப் புலப்படும். நேர் வெயிலில் அவை பாறையோடு பாறையாகிவிடும். அவற்றுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று கூறுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள பல மலைகளில் பெயர் காணப்படும் ஒரு துறவியின் தாய், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறையில் தம் பெயரையும் விட்டுச் சென்றிருக்கிறார் என்பதை அந்த இடத்திலேயே நின்று வாசிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நெகிழ்கிறது. எழுத்துகளைக் கையால் தேய்க்கவோ, தெரிவதற்காகச் சுண்ணாம்பு பூசவோ கூடாது. பாறையில் பெயர் கீறுவோரைக் கண்டால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் வெறும் பாறைச் சரிவு. உடலைச் சற்று முன்னே சாய்த்து, பாதம் முழுவதையும் பாறையில் பதித்து, நேராக ஏறாமல் சற்றுக் குறுக்காக ஏற வேண்டும். மேலே 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில் எழுந்த மாதேவிப் பெரும்பள்ளி என்னும் சமணப் பள்ளியின் அடித்தளம் எஞ்சியிருக்கிறது. உச்சிப் பகுதியில் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. காற்று பலமாக வீசும் நாளில் விளிம்புக்குச் செல்லாமல் உட்கார்ந்தே பாருங்கள். ஒருபுறம் நாகமலையின் நீண்ட முதுகும், கிழக்கே மதுரையின் வீடுகளும், கீழே வயல்களும் தெரியும்.

இறங்கும்போதுதான் பலர் சறுக்கி விழுகிறார்கள். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலைக் குத்தாமல், சிறு அடிகளாக வையுங்கள். சரிவு அதிகமாகத் தோன்றினால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள், உட்கார்ந்து நகர்வதிலும் தவறில்லை. குளத்தங்கரைக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தால், சற்று முன் உட்கார்ந்திருந்த பாறையை விரலால் சுட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.