கயாக்கில் மீன் பிடிப்போர் வீட்டிலேயே நங்கூரம் செய்துகொள்ளும் முறை

கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் அமர்ந்து தூண்டில் போடுபவருக்கு இருப்பவை இரண்டே கைகள். காற்றும் நீரோட்டமும் படகைத் தள்ளிக்கொண்டே இருக்கும்போது அக்கைகள் துடுப்பைப் பிடிப்பதா, தூண்டிலைப் பிடிப்பதா என்ற நெருக்கடி ஏற்படுகிறது. நங்கூரம் தேவைப்படுவது இதனால்தான். கடைகளில் விற்கும் மடக்கு நங்கூரங்களுக்கு ஈடானதைக் கட்டுமானக் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இரண்டு வார இறுதிகளில் செய்துவிடலாம். ஆனால், தரையைப் பற்றிக்கொள்ளும் இரும்பைச் செய்வது இந்த வேலையில் எளிய பகுதி. ஆபத்து வரும் நொடியில் அந்தப் பிடியிலிருந்து படகை விடுவிக்கும் ஏற்பாடே கடினமான பகுதி என்பதால், அதற்கே இங்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

நான் மீன் பிடிப்பது சென்னைக்குத் தெற்கே உள்ள முட்டுக்காட்டுக் கழிமுகத்தில். அங்குப் பெரும்பாலான இடங்களில் தண்ணீர் ஆழமில்லை. அடியில் சேறும் மணலும், இடையிடையே ஆளிச்சிப்பிகள் ஒட்டிய கற்களும் உண்டு. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்திருக்கும்போது வற்றுநீர் கடலை நோக்கி வேகமாக இறங்கும். கீழே தரும் அளவுகள் 3 மீட்டர் நீளமுள்ள, ஒருவர் அமரும் கயாக்குக்கும் இத்தகைய நீருக்கும் பொருந்துபவை.

எடையைப் பற்றிப் பலரும் தவறாக எண்ணுவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கிரீட்டை நீரில் இறக்கினால் அது தன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை இழக்கிறது. இரும்பு இழப்பது 13 விழுக்காடு மட்டுமே. பெயிண்ட் டப்பாவில் சிமெண்டை ஊற்றிச் செய்யும் உருண்டை, கரையில் தூக்கும்போது கனமாகத் தோன்றினாலும், கொக்கி இல்லாததால் மணலில் சறுக்கிக்கொண்டே போகும். நங்கூரம் பிடிப்பது எடையைவிடக் கொக்கியின் வடிவத்தாலும் கயிறு இழுக்கும் கோணத்தாலும்தான்.

செய்முறைக்கு வருவோம். 8 மி.மீ. முறுக்குக் கம்பியில் 45 செ.மீ. நீளத்தில் ஐந்து துண்டுகள் வெட்டிக்கொள்ள வேண்டும். நான்கு துண்டுகளின் ஒரு பாதியைத் தூண்டில் முள்ளைப் போல் வெளிப்புறமாக வளைத்து, நுனியை அரத்தால் கூராக்க வேண்டும். ஐந்தாவது துண்டின் இரு முனைகளையும் வளையமாகத் திருப்ப வேண்டும். வளைக்கும் வேலை முழுவதும் சிமெண்ட் ஊற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், பிறகு வளைத்தால் காங்கிரீட் வெடித்துவிடும். அடுத்து, 50 மி.மீ. பி.வி.சி. குழாயில் 22 செ.மீ. வெட்டி, மணல் நிரப்பிய வாளியில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். ஐந்தாவது கம்பியின் கீழ் வளையம் மணலுக்குள்ளும் மேல் வளையம் குழாய்க்கு வெளியிலும் நிற்கும்படி அதை நடுவில் வைத்து, கொக்கிகள் மேல்நோக்கி நான்கு திசைகளிலும் விரியும்படி மற்றக் கம்பிகளைச் சுற்றிலும் செருகிக் கட்டிவிட வேண்டும். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், சிறிதளவு பொடிச்சல்லி ஆகியவற்றைக் கெட்டியாகக் குழைத்து ஊற்றி, காற்றுக்குமிழிகள் வெளியேறும்படி குழாயைத் தட்டிக்கொடுக்க வேண்டும். மறுநாள் எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி ஏழு நாள் வைத்திருந்தால் காங்கிரீட் உறுதிப்படும். வெளியில் தெரியும் கம்பிக்குத் துருத் தடுப்புப் பூச்சு இரண்டு முறை அடிக்க வேண்டும். இவ்வாறு செய்த நங்கூரம் ஏறக்குறைய 1.6 கிலோ இருக்கும், நீருக்குள் 1.2 கிலோ.

கடலில் நம் மீனவர்கள் பார் என்று சொல்லும் பாறைத்தரையில் மீன் பிடிப்பவர்களுக்கு இந்தக் கம்பி சரிப்படாது. அங்கே 6 மி.மீ. மென்கம்பியால் கொக்கிகள் செய்ய வேண்டும். பாறையில் மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்கும்போது கொக்கி நிமிர்ந்து வெளியே வந்துவிடும், கரைக்கு வந்து மீண்டும் வளைத்துக்கொள்ளலாம்.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் ஒரு மீட்டர் நீளத்துக்குத் துத்தநாகம் பூசிய சங்கிலி வேண்டும். அது தன் எடையால் தரையோடு படிந்து கிடப்பதால் இழுவை கிடையாக அமைந்து கொக்கி மண்ணுக்குள் புதைகிறது, ஆளிச்சிப்பிகள் கயிற்றை அறுப்பதும் குறைகிறது. இந்தச் சங்கிலியை எப்படிப் பூட்டுகிறோம் என்பதில்தான் முதல் விடுவிப்பு ஏற்பாடு இருக்கிறது. சங்கிலியின் முனையைக் கொக்கிகள் இருக்கும் பக்கத்து வளையத்தில் ஷேக்கிளால் (குறுக்கே ஆணியிட்டு மூடும் U வடிவ இரும்புப் பூட்டு) பூட்டி, குழாயை ஒட்டிக் கொண்டுவந்து, எதிர்முனை வளையத்தில் 2.5 மி.மீ. அகலமுள்ள ஒரே ஒரு கேபிள் டையால் (மின்கம்பிகளைக் கட்டும் நெகிழி வார்) கட்ட வேண்டும். சாதாரண இழுவையில் அந்த டை தாங்கும். நங்கூரம் எங்காவது சிக்கிக்கொண்டால், அதற்கு நேர் மேலே படகைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுக்கும்போது டை அறுந்து, இழுவை கொக்கிப் பக்கத்துக்கு மாறி, நங்கூரம் வந்த வழியே பின்னோக்கி வெளிவந்துவிடும். தடித்த டை போட்டாலும் இரண்டு டை போட்டாலும் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

கயிறு 6 மி.மீ. பின்னல் நைலானாக இருக்கட்டும். நைலான் நீரில் மூழ்கும், இழுவைக்குச் சற்று நீண்டுகொடுக்கும். மலிவாகக் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதந்து, துடுப்பிலும் தூண்டில் நரம்பிலும் சுற்றிக்கொள்ளும். ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பது பொது விதி. 2 மீட்டர் ஆழத்துக்கு 10 முதல் 14 மீட்டர் என்று கொண்டால் 25 மீட்டர் கயிறு போதுமானது. இரண்டு மீட்டருக்கு ஒரு முறை வண்ண நூலால் குறி கட்டி, ஒட்டுப்பலகையில் வெட்டிய சட்டத்தில் சுற்றி வைக்கலாம்.

இனி முக்கியமான பகுதி. முதல் ஆண்டில் நான் நங்கூரக் கயிற்றை இருக்கைக்குப் பக்கத்திலிருந்த கைப்பிடியில் கட்டியிருந்தேன். முகத்துவாரத்துக்கு அருகே வற்றுநீர் விசையெடுத்தபோது படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பியது. கயிறு கட்டிய பக்கத்து விளிம்பு கீழே இழுபட்டது, தண்ணீர் அதன்மேல் ஏறியது, நான் முடிச்சைத் தொடுவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது. உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்ததால் தப்பினேன். படகின் நடுப்பகுதியில் ஒருபோதும் நங்கூரத்தைக் கட்டக் கூடாது. இழுவை முன்முனையிலோ பின்முனையிலோதான் விழ வேண்டும்.

அமர்ந்த இடத்திலிருந்து அந்த முனைகளுக்குக் கை எட்டாது என்பதால் ஓடுகயிறு ஒன்று அமைக்க வேண்டும். முன்முனைக் கைப்பிடியில் ஒன்றும் பின்முனைக் கைப்பிடியில் ஒன்றுமாக இரண்டு சிறிய கப்பிகளைக் கட்டி, அவற்றின் வழியே 5 மி.மீ. கயிற்றைப் படகின் ஒரு பக்கமாக வளையமாக ஓடவிட்டு, இரு நுனிகளையும் துருப்பிடிக்காத எஃகு வளையம் ஒன்றில் இழுத்தாலும் சுருங்காத கண்ணியான பௌலைன் முடிச்சால் இணைக்க வேண்டும். மூன்று மீட்டர் படகுக்கு ஏழு மீட்டர் கயிறு சரியாக இருக்கும். கைப்பிடிகளிலேயே கப்பியைக் கட்டிவிடுவதால் படகில் துளையிடத் தேவையில்லை, நான் துளையிடுவதைப் பரிந்துரைப்பதும் இல்லை. நங்கூரக் கயிறு இந்த வளையத்துக்குள் நுழைந்து வந்து, கைக்கெட்டும் தூரத்திலுள்ள, கயிறு சுற்றுவதற்கான இருகொம்புக் கட்டையில் முடிச்சில்லாமல் எட்டு வடிவில் சுற்றப்பட வேண்டும். நங்கூரத்தைப் படகின் பக்கத்திலிருந்து இறக்கியபின் ஓடுகயிற்றை இழுத்தால் வளையம் முனைக்குப் போய்விடும்.

கயிற்றின் கடைசி நுனியில் மிதவை கட்ட வேண்டும். மூடியை இறுக்கி ஒட்டி, ஆரஞ்சு வண்ணம் பூசிய இரண்டு லிட்டர் நெகிழிப்புட்டி போதும். மிதவை ஓடுவளையத்தில் சிக்காமல் இருக்க, அந்த வளையம் காராபைனர் என்னும், திறந்து மூடும் உலோகக் கொக்கி வழியாகவே நங்கூரக் கயிற்றைத் தாங்கட்டும். பெரிய படகு நேராக வரும்போதோ நீரோட்டம் திடீரென வலுக்கும்போதோ ஓடுவளையத்தைப் பக்கத்துக்கு இழுத்துக் காராபைனரைத் திறந்து, கட்டையிலிருந்து சுற்றை அவிழ்த்து, மிதவையோடு எல்லாவற்றையும் நீரில் விட்டுவிட்டுத் துடுப்புப் போடலாம். பிறகு திரும்பிவந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்கும் நேரமில்லாத நிலைக்காக, உறையிலிட்ட கத்தி ஒன்று உயிர்காப்புச் சட்டையிலேயே இருக்க வேண்டும், படகின் பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை.

ஒரு மீட்டருக்கும் குறைவான நீரில் இவை எதுவும் தேவையில்லை. இரண்டு மீட்டர் மூங்கில் கழியின் நுனியைச் சீவி, சேற்றில் சாய்வாக ஊன்றி, சிறு கயிற்றால் ஓடுவளையத்தில் மாட்டினால் படகு சத்தமின்றி நின்றுவிடும். மடவைக் கூட்டம் மேயும் இடத்தில் இதற்கு இணையில்லை. படகின் வடிகால் துளை வழியாகக் கழியை ஊன்றுவது மட்டும் வேண்டாம். துளையைச் சுற்றி உடல்பகுதி விரிசல் விடும்.

புதிய கருவியை முதலில் இடுப்பளவு நீரில், காற்றில்லாத காலையில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். நங்கூரத்தை வீசாமல் கையால் இறக்கி, கயிற்றை மெல்ல விட்டு, கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கம்பத்தையும் ஒரே கோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அவை விலகத் தொடங்கினால் நங்கூரம் இழுபடுகிறது, இன்னும் கயிறு விட வேண்டும். அலை இருந்தால் முன்முனையில் நிறுத்துங்கள், பின்முனையில் நிறுத்தினால் தண்ணீர் படகுக்குள் ஏறும். அதே சோதனையில் காராபைனரைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை திறந்து பாருங்கள். வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் நன்னீரில் கழுவி, கயிற்றை விரல்களுக்கிடையே முழு நீளமும் ஓடவிட்டு, ஆளி கீறிய இடம் தட்டுப்பட்டால் அங்கே வெட்டிவிட்டு, அடுத்த பயணத்துக்குப் புதிய கேபிள் டை ஒன்றைக் கட்டி வையுங்கள்.