இராவணன் வெட்டு பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

இராவணன் வெட்டு இருக்கும் திருகோணமலைச் சுவாமி மலையில் ஏறுவது பெரிய காரியமல்ல. பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், நல்ல வீதி, மெதுவான ஏற்றம். அதனாலேயே பலர் நேரக் கணக்கில் பிழை விடுகிறார்கள். காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்துப் பத்து மணிக்குப் புறப்பட்டால் வெயில் உச்சிக்கு வரும்போதுதான் மேலே நிற்பீர்கள். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் தரை காலைச் சுடும். சூடு தாங்காமல் ஓடுகிறவர்கள்தான் படியில் தடுக்கி விழுகிறார்கள். போதாததற்கு, மதியம் நடையும் சாத்தியிருக்கும். விடியற்காலையே வாசலுக்கு வந்துவிட்டால் கிழக்குக் கடலில் சூரியன் எழுவதையும் பார்க்கலாம், கல்லும் குளிர்ந்திருக்கும்.

அடுத்தது, உயிரோடு விளையாடும் பிழை. இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் அந்தப் பிளவு, முந்நூறு அடிக்கும் மேலான செங்குத்துப் பாறையில் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் அதன் ஆழம் முழுதாகத் தெரியாது. தெரியவில்லையே என்று கம்பித் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்ப்பதும், தடுப்பைத் தாண்டிக் கல்லில் நின்று செல்ஃபி எடுப்பதும் அதனால்தான். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று தரைப்பக்கம் இருந்து கடலை நோக்கி வரும். விளிம்பில் கடலைப் பார்த்து நிற்பவரை முதுகில் தள்ளும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும். பாறை வழுக்கும், அடி தேய்ந்த செருப்பு பிடிக்காது. பிளவின் முழு உயரமும் பார்க்க ஆசையென்றால் கடல் அமைதியான மாதங்களில் படகில் போங்கள். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏற வேண்டாம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர் வேண்டும். ஒரே போத்தலைக் குடும்பமே பங்குபோடுவது கச்சான் காலத்தில் தலைச்சுற்றலில்தான் முடியும். அந்தக் காற்றில் வியர்வை சட்டென்று காய்ந்துவிடுவதால் தாகம் பிந்தித்தான் தெரியும்.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்குப் பிஸ்கட், வாழைப்பழம் நீட்டுவது பாசம் போலத் தெரியும். பையோடு சேர்த்துத் தின்ற பொலித்தீன் வயிற்றில் தங்கினால் மான் செத்துப்போகும். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். மேலே குரங்குகள் பறிக்கும், அர்ச்சனைத் தட்டும் தப்பாது. பறித்ததை மீட்க இழுபறிப்படுவது கடி வாங்கும் வழி. விட்டுவிடுங்கள்.

கோட்டையின் ஒரு பகுதியில் இராணுவ முகாம் இருக்கிறது. அந்தப் பக்கம் கமெராவைத் திருப்ப வேண்டாம், அனுமதியில்லாமல் ட்ரோனும் பறக்கவிட வேண்டாம். அரைக்காற்சட்டையோடு கோயிலுக்குள் போவதும் சரியல்ல. ஒரு வேட்டியோ சால்வையோ பையில் கிடந்தால் போதும்.

மிச்ச நேரத்துக்குக் கன்னியா வெந்நீர் ஊற்று நல்ல தெரிவு. ஆனால் மதியத்தில் அல்ல, மாலை நான்கு மணிக்குப் பிறகு. ஏழு கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இராது. முதலில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வாளியால் அள்ளுங்கள், பிள்ளைகளுக்கு வார்க்கும்போது இன்னும் கவனம். சவர்க்காரம் கொண்டுபோக வேண்டாம்.