மென்பவளத் தொட்டியில் நீரோட்டம்: பம்ப்பை எங்கே வைப்பது, எவ்வளவு ஓட்டுவது

கடல்நீர்த் தொட்டியில் புதிதாக மென்பவளம் (கல்லாக இறுகாமல் சதைப்பற்றாக இருக்கும் பவளம்) வளர்ப்பவர்கள் லைட்டுக்கும் உப்பளவுக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நீரோட்டத்துக்குக் காட்டுவதில்லை. பாலிப் (பவளத்தின் மேல் பூப்போல் விரியும் சின்ன உறுப்பு) விரியாமல் பவளம் சுருங்கிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால், தண்ணீரை ஓட்டும் பம்ப் எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பவளத்துக்குச் செவுள் கிடையாது. உடம்பை உரசிப் போகும் தண்ணீர்தான் மூச்சுக் கொடுக்கிறது, கழிவையும் எடுத்துப் போகிறது. தண்ணீர் நின்றுவிட்டால் தோலை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தேங்கிவிடும். பகலில் பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விடுகின்றன. அது வெளியேற வழியில்லாமல் திசுவிலேயே சேர்ந்தால் ஒளிச்சேர்க்கையே மட்டுப்படும். இரவில் நிலைமை தலைகீழ்: பவளத்துக்கு ஆக்சிஜன் தேவை, ஆனால் போதுமான அளவு உள்ளே வராது. செங்கடலில் வாழும் ஜீனியா குடும்பத்து மென்பவளம் ஒன்று ஏறக்குறைய ஓயாமல் பாலிப்பை விரித்து மூடிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு ஆக்சிஜனை வெளியே தள்ளி ஒளிச்சேர்க்கையைப் பெரிதும் கூட்டுகிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இத்தனை சக்தியைச் செலவழித்துத் தண்ணீரை அசைக்கிறது என்றால் பவளத்துக்கு நீரோட்டம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கணக்கு. மென்பவளத் தொட்டிக்கு, தொட்டியின் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கு தண்ணீர் மணிக்கு ஓடினால் போதும். 100 லிட்டர் தொட்டி என்றால் 1000 முதல் 2000 லிட்டர். இது தொடக்கப் புள்ளி மட்டும்தான். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிடப் பவளம் காட்டும் அறிகுறியையே நான் நம்புவேன்.

படி 2: பம்ப்பை வைப்பது. ஒரே பம்ப்பைப் பவளத்துக்கு நேராகத் திருப்பி வைக்கவே கூடாது. ஒரே திசையில் விடாமல் அடிக்கும் தண்ணீரில் ஒரு பக்கத்துப் பாலிப்கள் மூடியே கிடக்கும், மறுபக்கத்தில் அழுக்கு சேரும். முடிந்தால் சின்னதாக இரண்டு பம்ப் வாங்கி எதிரெதிர்ப் பக்கங்களில், கொஞ்சம் மேலே, முன்கண்ணாடியைப் பார்த்த மாதிரி ஒட்டுங்கள். இரண்டு ஓட்டமும் மோதிச் சிதறி, பவளத்தைத் தொடும்போது மாறி மாறி வரும் மெல்லிய அலையாகிவிடும். ஒரே பம்ப்தான் என்றால் அதைக் கண்ணாடியில் மோத விடுங்கள். நீர்ப்பரப்பு லேசாகச் சிற்றலை எழும்பி அசைய வேண்டும். காற்றும் நீரும் கலப்பது அங்கேதான்.

படி 3: ஓட்டத்தைக் கண்ணால் பார்ப்பது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, அதில் மிதப்பது தெரியும். மீனுக்குப் போடும் தூள் உணவை ஒரு சிட்டிகை, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து விடுங்கள். துகள்கள் எங்கே பாய்கின்றன, எங்கே சுழல்கின்றன, எந்தப் பாறைக்குப் பின்னால் மெல்ல இறங்கி உட்கார்ந்துவிடுகின்றன என்று கவனியுங்கள். உட்காரும் இடம்தான் செத்த மூலை. செம்பழுப்பான வழுவழுப்புப் படலம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

படி 4: எந்தப் பவளம் எங்கே. காளான் வடிவில் இருக்கும் மஷ்ரூம் பவளத்துக்கு மெதுவான மூலை. வேகம் கூடினால் சுருங்கும், சில நேரம் பாறையை விட்டே கழன்று போய்விடும். குட்டிப் பூக்கள்போல் கொத்தாக வளரும் ஜோவாந்திட், துடிக்கும் ஜீனியா இரண்டுக்கும் நடுத்தரம். தோல்போல் தடித்த லெதர் கோரலும், பச்சை ஸ்டார் பாலிப் என்ற பவளமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். இன்னொன்று: லெதர் வகைகள் பக்கத்துப் பவளங்களை ஒடுக்கும் ரசாயனங்களைத் தண்ணீரில் விடும். ஓட்டம் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கத்தில் மற்ற பவளங்களை நெருக்கி வைக்காதீர்கள். பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (இந்த ரசாயனங்களை உறிஞ்சும் கரி) போடுவதும் நல்லது. ஜோவாந்திடைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சில வகைகளில் கொடிய நஞ்சு உண்டு.

படி 5: காத்திருந்து பார்ப்பது. பாலிப்கள் முழுதாக விரிந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தால் சரியான ஓட்டம். எப்போதும் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தாலோ தண்ணீர் அடிக்கும் பக்கம் தோல் தேய்ந்தாலோ வேகம் அதிகம். மேலே தூசியும் சளியும் படிந்தால் குறைவு. எதை மாற்றினாலும் ஒரு வாரமாவது விட்டுவைத்துப் பாருங்கள். தினமும் பம்ப்பைத் திருப்பினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

லெதர் கோரல் மட்டும் இதில் தனி ரகம். அவ்வப்போது பாலிப்பை உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசியதுபோல் பளபளவென்று நிற்கும். பழைய தோலை உரிக்கிறது, அவ்வளவுதான். சில நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். கையால் உரித்துவிடாதீர்கள். ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் படலம் தானாகக் கழன்று போகும்.

படி 6: பம்ப் பராமரிப்பு. இரவில் பம்ப்பை நிறுத்தாதீர்கள். தொட்டியில் ஆக்சிஜன் குறையும் நேரமே அதுதான். உணவு போடும்போது 10 நிமிடம் நிறுத்தலாம், திரும்பப் போட மறக்கக் கூடாது. உள்ளே சுண்ணாம்பு படியப் படிய, நமக்கே தெரியாமல் ஓட்டம் குறைந்துகொண்டு வரும். அதனால் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசி மாட்டுங்கள். கழுவிய பம்ப் மறுபடி முழு வேகத்தில் தள்ளும். அன்றைக்கே மஷ்ரூம் இருக்கும் மூலையை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.