இணையம் இல்லாத டெபியன் கணினியில் எக்ஸ் விண்டோ வராவிட்டால்

டெபியன் 12 (ஒரு லினக்ஸ் வகை) போட்ட, நெட் இல்லாத கணினி. எக்ஸ் விண்டோ எனும் வரைகலைத் திரையைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் (startx) கட்டளையைக் கொடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி டெர்மினலுக்கே திரும்பியது. இந்த நிலையில் மறுபடி இன்ஸ்டால் செய்வது வீண் வேலை, எக்ஸ் தன் பிழைகளைப் பதியும் லாக் ஃபைலைப் பாருங்கள். சாதாரண பயனராகத் தொடங்கியிருந்தால் அது ஹோமுக்குள் .லோக்கல்/ஷேர்/எக்ஸார்க் ஃபோல்டரில் இருக்கும். பலர் /வார்/லாக்கில் கிடக்கும் பழைய ஃபைலைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

அதில் ‘நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்’ என்றிருந்தது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் தேடினால் காரணம் தெரிந்தது: ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டின் ஃபர்ம்வேர் (கார்டு இயங்கத் தேவையான மென்பொருள்) ஏறவில்லை. நெட் உள்ள வேறு கணினியில் அதே டெபியன் 12-க்கான ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் டெப் ஃபைலை, அதாவது டெபியனின் இன்ஸ்டால் ஃபைலை, (நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவில் கிடைக்கும்) பென் டிரைவில் எடுத்து, ரூட்டாக (நிர்வாகப் பயனராக) dpkg -i கட்டளையை ஃபைல் பெயருடன் கொடுத்து ஏற்றி, ரீபூட் செய்ததும் திரை வந்தது. வேறு பதிப்பின் ஃபைலைக் கலக்காதீர்கள்.

திரை வந்தும் ஒவ்வொரு விண்டோவும் தாமதமாகத் திறந்தால் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். கணினியின் பெயர் அதில் இல்லையென்றால், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிடமிருந்து வராத பதிலுக்காகப் புரோகிராம்கள் காத்துக் கிடக்கும். 127.0.1.1, ஒரு இடைவெளி, ஹோஸ்ட்நேம் (உங்கள் கணினியின் பெயர்) என ஒரே வரி சேர்த்தால் போதும்.