தானே சாப்பிடப் பழக்குவது எப்படி: மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு

செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குச் சாப்பிடக் கற்றுத்தரும்போது எல்லோர் கண்ணும் கையின்மேல்தான் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இடுப்பை. இடுப்பு வழுக்கினால் முதுகு கூனும். விழாமல் சமாளிக்கத் தோள் இறுகும். அந்த இறுக்கம் விரல்வரை இறங்கிக் கை முஷ்டியாக மூடிக்கொள்ளும்.

பயிற்சியைத் தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பிடும்போது அடிக்கடி இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டபின் குரலில் கரகரவென்று சளிச்சத்தம், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளிக் காய்ச்சல், ஏறாத எடை: இவற்றில் எது இருந்தாலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கீழே உள்ளதைச் செய்ய வேண்டாம்.

உட்காரவைத்தல்

இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ 90 டிகிரியில் மடங்கியிருக்க வேண்டும். கால் தொங்கக் கூடாது. பழைய செய்தித்தாள்களை இறுகக் கட்டி, தேவையான உயரத்துக்கு அடியில் வையுங்கள். பாதம் முழுதாகப் பதிய வேண்டும். உடம்பு ஒருபக்கம் சாய்ந்தால் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணைகொடுங்கள். பெல்ட் போடுவதானால் தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பின்மேல் வரட்டும். வயிற்றின்மேல் கட்டினால் குழந்தை கீழே வழுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

மேசை, மடக்கிய முழங்கையைவிட 2 அல்லது 3 செ.மீ. உயரமாக இருந்தால் போதும். தோள் காதை நோக்கி ஏறினால் மேசை உயரம் அதிகம் என்று பொருள். வீட்டில் எல்லோரும் தரையில் சாப்பிட்டால் சுவர் மூலையில் உட்காரவைக்கலாம், இரண்டு சுவரும் தோளை முன்னால் கொண்டுவரும். எதிரே ஒரு தாழ்வான பலகை.

தட்டு, ஸ்பூன், உணவு

விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டின் அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. ஸ்பூனின் குழி ஆழமில்லாமல் இருக்கட்டும். ஆழமானால் மேலுதட்டால் உணவை வழித்தெடுக்க முடியாது. கைப்பிடியில் சைக்கிள் டியூபோ ஸ்பாஞ்சோ சுற்றி 2.5 முதல் 3 செ.மீ. பருமனாக்குங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்பூன் கூடவே கூடாது. வாயில் பட்டதும் தன்னையறியாமல் கடிக்கும் குழந்தையிடம் அது உடைந்து வாய்க்குள் போகும்.

ரசம் சாதம் ஸ்பூனிலிருந்து ஒழுகிவிடும், உதிரிச் சாதம் சிதறும். குழையப் பிசைந்த பருப்பு சாதமோ தயிர் சாதமோ ஸ்பூனைக் கவிழ்த்தாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பதத்தில் வேண்டும். ஸ்பூன்தான் என்ற கட்டாயமும் இல்லை. சிறு உருண்டையாக உருட்டிய சாதத்தைக் கையால் எடுப்பது சில குழந்தைகளுக்கு எளிது. தொட்டுணர்வதால் கை எங்கே இருக்கிறது என்பதும் புரியும். பிசுபிசுப்பைத் தொட்டாலே கையை இழுத்துக்கொள்ளும் குழந்தைக்கு ஸ்பூனே நல்லது.

கடைசியிலிருந்து கற்றுத்தருதல்

குழந்தையின் பின்னாலோ பக்கவாட்டிலோ உட்காருங்கள். நின்றபடி ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், அப்போது புரையேறும். கை இறுகியிருந்தால் விரல்களைப் பிரித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தளரும். ஸ்பூனை வைத்தபின் புறங்கையின்மேல் உங்கள் கையை வைத்து, அள்ளுவதிலிருந்து உதட்டருகே கொண்டுபோவதுவரை சேர்ந்தே செய்யுங்கள். கடைசி 5 செ.மீ. மட்டும் பிடியைத் தளர்த்துங்கள். உணவு வாய்க்குள் போவதுதான் இதில் கிடைக்கும் பரிசு, அதைக் குழந்தை தானே அடையட்டும். 10 வாயில் 8 வாய் சரியாகப் போகிறது, அதுவும் மூன்று நாள் தொடர்ந்து என்றால், பாதி வழியிலேயே பிடியைத் தளர்த்துங்கள். பிறகு தட்டிலிருந்து தூக்குவது. அள்ளுவதே மிகக் கடினம், அது கடைசி.

பசி இருக்கும் முதல் ஐந்தாறு வாய் மட்டும் பயிற்சி. மீதியை நீங்களே ஊட்டுங்கள். பள்ளி வேன் வரப்போகும் காலை நேரத்தில் வேண்டாம். அவசரத்தில் ஊட்டிவிடுவது எந்த அம்மாவுக்கும் இயல்பு, அதனால்தான் அவசரமில்லாத வேளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். ஸ்பூனைக் கடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுத்தால் கடி இன்னும் இறுகும். தலையைச் சற்று முன்னால் சாய்த்துக் காத்திருந்தால் தானே விடும். ஊட்டும்போது மேல்பல்லில் வழிக்காமல், நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி உதடு மூடக் காத்திருங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது.

இருக்கையின் அளவும் கைத்தாங்கியும் குழந்தைக்குக் குழந்தை மாறும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலோ அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்க்கலாம். போகும்போது ஒரு வேளை உணவைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் குழந்தை வீட்டில்போல் சாப்பிடாது.

தண்ணீரை மட்டும் அண்ணாந்து ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பில் மூக்கு நுழையும் அளவுக்கு அரைவட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டு, எதிர்ப்பக்க விளிம்பில் வாய்வைத்துக் குடிக்கப் பழக்கினால், தலையைப் பின்னால் சாய்க்காமலே கடைசிச் சொட்டுவரை குடிக்கலாம். எச்சில் என்று தோன்றினால் அந்த டம்ளரைக் குழந்தைக்கென்றே தனியாக வைத்துவிடுங்கள்.